பாக்கி

ஆறு குட்டிகளில் ஐந்தை யார் யாரோ கொண்டுபோனார்கள்.
கொள்முதல் நிலையத்துச் சாக்கு அடுக்கின் இடுக்கில்
மிஞ்சிக் கிடந்தவளுக்கு பாக்கி என்று பெயர் வைத்தேன்.
நாள் முழுக்கக் கணக்கு எழுதுகிறவளுக்கு
வேறென்ன தோன்றும்.

மாசியில் ஐந்தரைக்கு எடை நிற்கும்.
சாக்குத் தைக்கிற சணலை மூன்று புரியாய் முறுக்கிய கயிறு,
ஒரு முனையில் அவள், மறுமுனையில் தூசி படிந்த நான்.
மூணாறு தலைப்பில் ஷட்டர் மேல் நின்று
எந்த ஆற்றோடு போவது என்பதை
அவளிடம் விட்டுவிடுவேன்.
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு:
மூன்று பக்கமும் மூக்கை நீட்டி யோசித்து
தினமும் கோரையாற்றையே எடுப்பாள்.
தண்ணீருக்காக இல்லை.
கடைகள் அந்தக் கரையில்.

அறுத்த வயலில் வைக்கோல் உருளைகள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு கையெழுத்து.
எலி வளைக்குள் முகத்தை நுழைத்து
மீசையில் சேறோடு வெளியே வந்து
ஒன்றுமே நடக்காத மாதிரி நடப்பாள்.
மடையானைத் துரத்துவாள். அது பத்தடி தள்ளி உட்காரும்.
மறுபடி துரத்துவாள், அதுவும் மறுபடி பத்தடி.
ஒரு நாள் தாள் மேய வந்த நானூறு வாத்துகள்
ஒரே நேரத்தில் தலை தூக்கிப் பார்த்தபோது
மெல்ல என் காலுக்குப் பின்னால் வந்து
கொட்டாவி விட்டாள்.

மகிமைதாஸ் டீக்கடையில்
பெஞ்சுக்கு அடியில் அனுமதி.
கடன் நோட்டில் 'மேடம் நாய்' என்று தனிப் பக்கம்,
வரிசையாக வர்க்கி, வர்க்கி, ஒரு நாள் மட்டும் பன்.
ராஜகுமாரி மெஸ்ஸில் முதல் படி வரைக்கும்தான்.
பாக்கி படியில் திரும்பி உட்கார்ந்து
வாலை மட்டும் உள்ளே போட்டுக்கொள்வாள்.
சட்டத்தில் வாலைப் பற்றி எதுவும் இல்லை.

பாலத்துக்கு அப்பால் டாஸ்மாக். அதன் பின்னால்
தகர ஷெட்டில் பார்.
அன்று கயிற்றை உருவிக்கொண்டு ஓடியவள்
தார்ப்பாய்த் திரையை மூக்கால் தள்ளி
உள்ளே போய்விட்டாள்.
வழி கேட்கவில்லை. தடுமாறவில்லை.

"மேடம், லேடீஸ் உள்ள வரக் கூடாது"
ஆம்லெட் தட்டோடு தென்னவன் குறுக்கே நின்றான்.
நாய்?
"நாய் வரலாம்."
அதுவும் லேடீஸ்தான்.
ஆம்லெட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"அது டெய்லி கஸ்டமர் மேடம்.
பதினொரு மணிக்கே வந்துரும்."

பதினொரு மணி. நான் ஈரப்பதம் பார்க்கிற நேரம்.
சாக்குக்குச் சாக்கு குத்தூசி செருகி
பதினேழு, பதினெட்டு என்று
ஆட்களைத் திருப்பி அனுப்புகிற நேரம்.
அவர்கள் இங்கேதான் வந்து உட்காருகிறார்கள் போல.
இவள் அவர்கள் காலடியில்
கோழி எலும்போடு இருந்திருக்கிறாள், என் நாய்,
அத்தனை பேர் திட்டையும் கேட்டுக்கொண்டு.

வாகை மரத்தடியில் நின்றேன்.
உள்ளே ஏதோ சிரிப்பு. யாரோ "ஷேக் ஹேண்ட்" என்றார்கள்.
அவளுக்கு அது தெரியும் என்பதே
எனக்குத் தெரியாது.

திரை விலகியது.
கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர் உத்திராபதி.
காலையில் என் மெஷின் அவருக்குச் சொன்னது
பத்தொன்பது புள்ளி நான்கு.
"இந்தாங்க" என்றார், "உங்க பாக்கி."
கயிறு கை மாறியது.
வாயில் வெங்காய வாசனையோடு அவள்
இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.
நெல்லைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும்.
கொஞ்ச தூரம் போய்த் திரும்பி
"எலும்பு ரெண்டுதான் போட்டேன்,
ராத்திரி சோத்தைக் குறைச்சிடுங்க" என்றார்.

திரும்பும் வழியில் தார்ச்சாலையின் ஒரு பாதியில்
அவர் நெல் காய்ந்துகொண்டிருந்தது,
ஓரத்துக்குச் செங்கல், செங்கலுக்கு ஒரு சிவப்புத் துணி.
பாக்கி மிதிக்காமல் ஓரமாகவே நடந்தாள்.
யார் சொல்லிக்கொடுத்தார்கள்?
குனிந்து நாலு மணி எடுத்துக்
கடைவாயில் வைத்துக் கடித்தேன்.
உடைந்தது. ஆனால் அந்தச் சத்தம் இல்லை.

இன்னும் ஒரு வெயில் பாக்கி என்று
வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன்.
முன்னால் போய்க்கொண்டிருந்தவள்
நின்று திரும்பிப் பார்த்தாள்.